பேக்கரிச் சந்து வால்வு

கப்பல் குளியலறையின் குழாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதுவரைக்கும் தண்ணிக்காரர் நன்றாகத்தான் இருந்தார்.

தண்ணிக்காரர் என்றதும் யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மனிதர் பீர் பாட்டிலின் மூடியைக்கூட முகர்ந்து பார்த்ததில்லை. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. விடிவதற்கு முன் இடுப்பு உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். தெருமுனையில் குழி மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, வால்வைத் திருகுவார். அந்தத் தெருவின் தொட்டிகள் நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த தெருவைத் திறப்பார். சாயங்காலம் இன்னொரு முறை. இவர் தூங்கிவிட்டால் ஊர் பல் தேய்க்க முடியாது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

"சேர்ந்த நாள்லேருந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல. தோள்பட்டை இறுகிப்போய்க் கையே தூக்க முடியாம கெடந்த வருஷம்கூட ஒரு தெரு காயல" என்று யாரிடமும் சொல்லுவார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் இதைக் கேட்காமல் இறங்கியதில்லை.

அப்படிப்பட்டவரைக் கப்பல் ஏற்றியது மகள். வெளியூரில் வேலை பார்க்கிறவள். "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் பதில் யோசிப்பதற்குள் சீட்டு எடுத்துவிட்டாள். விமானத்தில் வெகு தூரம் மேற்கே போய் ஏற வேண்டிய, மூன்று பழைய துறைமுக நகரங்களில் நின்று திரும்பும் உல்லாசக் கப்பல். எந்தக் கப்பல் என்று பொறுக்கியது மட்டும் அவர் மனைவி. மகள் அனுப்பிய படங்களைச் சமையலறையில் நின்றபடி திரும்பத் திரும்பப் பார்த்து, "இதுலதான் போகணும்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஏன் இது என்று தண்ணிக்காரர் கேட்கவில்லை. மனைவி பிடிவாதம் பிடித்தால் காரணம் கேட்பது காற்றோடு மல்லுக்கட்டுவது என்பது அவர் கட்சி.

போனால் வால்வுகளை யார் பார்ப்பது? மனைவியின் தம்பி இருந்தான். வீட்டில் எல்லாரும் அவனைச் சின்னவன் என்பார்கள். மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் சின்னவன்தான். எந்த வேலையிலும் நிலைக்காதவன். இப்போது கைக்குழந்தை வேறு. அக்கா கெஞ்சியதால் தண்ணிக்காரர் இன்ஜினியரிடம் பேசி அவனைத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார். "நீங்க இல்லாதப்போ ஒழுங்கா சமாளிச்சுட்டான்னா, நீங்க ரிட்டயர் ஆனதும் இவனையே போட்டுடலாம். ஏதாவது சொதப்பினா என்கிட்ட வராதீங்க" என்று இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சின்னவனைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து சொல்லிக்கொடுத்தார். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, எந்தக் குழியில் தேள் இருக்கும், எந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பது வரைக்கும் சொன்னார். "குழிக்குள்ள குனியறப்போ சட்டைப்பையில போன் இருக்கக் கூடாது. என்னோடது ரெண்டு அப்படித்தான் போச்சு. வீட்லயே வெச்சுட்டு வந்துடு" என்றும் சொன்னார். சின்னவன் தலையை ஆட்டினான்.

இனி குழாய்க்கு வருவோம். கப்பல் ஏறிய அன்று சாயங்காலம். கட்டிலில் துண்டையே அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனசில்லாமல் மனைவி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். தண்ணிக்காரர் குளித்துவிட்டுக் குழாயை மூடத் திருகினார். மூடுவதற்குப் பதில் வெந்நீர் சீறிக்கொண்டு வந்து முதுகைப் பதம் பார்த்தது. வலப்பக்கம் திருகினால் மூட வேண்டிய குழாய், திறந்துகொண்டது.

"எந்தப் பய மாட்டினான் இதை, தலைகீழா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பேக்கரிச் சந்து வால்வு.

ஊரில் உள்ள வால்வுகள் எல்லாம் இடப்பக்கம் திருகினால் திறக்கும், வலப்பக்கம் திருகினால் மூடும். பேக்கரிச் சந்தில் மட்டும் தலைகீழ். என்றோ ஒரு அவசரத்தில் வேறு கம்பெனியின் பழைய வால்வைக் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். அம்புக்குறி வரைந்திருந்த பெயின்ட் உதிர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அது அவருக்குக் கைப்பழக்கம். சின்னவனுக்குச் சொன்னாரா?

சொல்லவில்லை. அந்தக் குழி மூடியில் கை வைத்த நேரத்தில்தான், மகள் கப்பல் சீட்டு விஷயமாக வீட்டுப் போனில் காத்திருக்கிறாள் என்று தெருப் பையன் ஒருவன் ஓடிவந்து கூப்பிட்டான். "இதை அப்புறம் சொல்றேன், இது ஒரு மாதிரி" என்று சின்னவனிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த அப்புறம் வரவே இல்லை.

ஈரத் துண்டோடு குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நடக்கப்போவது சினிமா மாதிரி தெரிந்தது. வால்வு மூடியிருக்கிறது. சின்னவன் திறப்பதாக நினைத்து இடப்பக்கம் திருகுவான். அசையாது. துருப்பிடித்திருக்கிறது என்று நினைப்பான். அவனுக்கு முரட்டுக் கை. மூச்சைப் பிடித்து முழு பலத்தையும் கொடுப்பான். தண்டு முறியும். தண்ணீர் குழியை உடைத்துக்கொண்டு கிளம்பிச் சரிவில் நேராக இறங்கும். சரிவின் கடைசியில் பேக்கரி. பேக்கரிக்கு அடியில் மாவு மூட்டைகள் அடுக்கிய கீழறை. பேக்கரிக்காரர் ஒரு நாள் தண்ணீர் சிவப்பாக வந்ததற்கே இன்ஜினியரின் சட்டையைப் பிடித்தவர்.

சின்னவன் வேலை போகும், அவன் குழந்தையின் பால் போகும். "என் தம்பியை மாட்டிவிட்டுட்டு நீங்க கப்பல்ல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டீங்களா" என்று மனைவி கேட்பாள்.

"என்னங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"வரேன், வரேன்."

அவளிடம் சொல்லக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். சொன்னால் பயணம் முழுக்க அழுவாள். மகளிடமும் சொல்ல முடியாது. மகளிடம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்று. ஆபீசுக்குச் சொன்னால் இன்ஜினியர் காதுக்குத்தான் முதலில் போகும். சின்னவனோடு நேரடியாகப் பேசுவது ஒன்றே வழி. நடுக்கடலில் போன் வேலை செய்யாது, கரை வந்தால்தான் செய்யும் என்று மகள் சொல்லியிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் கொடுத்த ஒரே போன் மனைவியின் கைப்பையில் இருந்தது.

முதல் துறைமுகம் வந்தது. மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்த பீரங்கிகள், கண் கூசுகிற வெயில். மனைவி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்தவள் மாதிரி முன்னால் நடந்தாள். கோட்டை மேலே ஏறினால் ஊர் முழுவதும் தெரியுமாம்.

"நீ ஏறு. நான் கீழ இருந்து உன்னைப் போட்டோ எடுக்கறேன். போனைக் கொடு."

"கீழ இருந்து எடுத்தா நான் எறும்பு மாதிரி தெரிவேன்."

"எறும்பும் அழகுதான், ஏறு."

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். அவர் பீரங்கிக்குப் பின்னால் போய்ச் சின்னவனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டார். மூன்றாவது முயற்சியில்தான் உறைத்தது. இங்கே வெயில் கொளுத்தும் இந்த நேரத்தில் அங்கே சாயங்கால முறை. சின்னவன் தெருவில் இருப்பான். அவன் மனைவியும் குழந்தையும் அவள் அம்மா வீட்டில்; போன் பூட்டிய வீட்டில் இருக்கும். அவர் சொன்னபடியே வைத்துவிட்டுப் போயிருப்பான். வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்காதவன் இதை மட்டும் கேட்டுத் தொலைத்திருக்கிறான்.

மேலே மனைவி மதிலோரம் நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டு மேஜையில் அவர்களோடு ஒரு பல் டாக்டர் உட்கார்ந்தார். ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவர். தண்ணிக்காரர் தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று பேச்சுக் கொடுத்தார். அவ்வளவுதான், கவலையை மறந்து பழைய வாசகம் தானாக வாயில் வந்தது.

"ஒரு நாள் லீவு போட்டதில்ல டாக்டர். தோள்பட்டை இறுகிப்போன வருஷம்கூட, மழையில நனைஞ்சுகிட்டு, ஒரு தெரு காய விடல."

"அடேயப்பா! ஒரு கையாலயே எப்படிச் சமாளிச்சீங்க?"

"சமாளிச்சுட்டேன்" என்றார் தண்ணிக்காரர்.

மனைவி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தட்டில் இன்னும் கொஞ்சம் சாலட் வைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது துறைமுகத்தில் கல் வளைவுகளுக்கு அடியில் ஒரு பழைய சந்தை இருந்தது. வழியெல்லாம் பித்தளைச் சாமான், கம்பளி, கண்ணாடி விளக்கு. மனைவி ஒவ்வொரு கடையிலும் நின்றாள். அவர் குட்டி போட்ட பூனை மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டிருந்தார். மணி பார்க்கணும், மகளுக்குப் படம் அனுப்பணும் என்று ஏதேதோ சாக்கு சொல்லிப் போனை வாங்கி வாங்கித் தூண்களுக்குப் பின்னால் போனார். பலன் ஒன்றுதான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

ஒரு விளக்குக் கடையில் வாளி கவிழ்ந்து தரையில் தண்ணீர் ஓடியது. அது வழிந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாவு மூட்டைகளின் அடிவரிசை இந்நேரம் ஊறிக் களியாகியிருக்கும். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார். சின்னவன் தலையைக் குனிந்து நிற்பான். "எனக்கு அத்தான் சொல்லலை சார்" என்றுகூடச் சொல்ல மாட்டான். அவன் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை.

திரும்பும் வழியில் மனைவி போனைப் பார்த்துவிட்டாள்.

"சின்னவனுக்கு எதுக்கு இத்தனை தடவை போன் போட்டிருக்கீங்க?"

"சும்மா. சௌக்கியமான்னு கேக்கத்தான்."

"சௌக்கியத்தை யாராவது பத்துத் தடவை கேப்பாங்களா?" அவள் நடையை நிறுத்தினாள். "அவன் கெடுத்துடுவான்னு பயம். அதானே? எங்க வீட்டு ஆளுங்களை நீங்க என்னைக்கு நம்பினீங்க?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன என்னதான்? சொல்லுங்களேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அழுவாள் என்ற நினைப்பு குறுக்கே விழுந்தது. மென்று விழுங்கினார். அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அன்று இரவு துண்டை முயல் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதை அவள் உதறிப் பிரித்துப் போட்டாள். படுக்கப் போகும்போது, சுவரைப் பார்த்தபடி, "நாளைக்குப் போற ஊரு உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள்.

"ம்" என்றார். அவர் மனசு பேக்கரிச் சந்தில் இருந்தது.

மூன்றாவது ஊர்தான் கடைசி. அதை விட்டால் கப்பல் ஏறிய இடம் திரும்பும்வரை வெறும் கடல். வண்டியிலிருந்து இறக்கி ஒரு சாதாரண மரக்கதவின் முன்னால் நிறுத்தினார்கள். உள்ளே என்ன என்றுகூட அவர் கவனிக்கவில்லை. ஏதோ பழைய காலத்து ராஜா தரைக்கு அடியில் கட்டியது, படி இறங்கிப் போக வேண்டும், கும்பல் கும்பலாகத்தான் விடுவார்கள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது. மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். நேற்றைய கோபம் போய் முகத்தில் ஒரு துடிப்பு.

"எனக்கு வயிறு சரியில்ல. நீ போய்ட்டு வா. போன் என்கிட்ட இருக்கட்டும்."

"இதுக்கு மட்டுமாவது வாங்க."

"வயிறு கேக்க மாட்டேங்குதும்மா."

அவள் கை சட்டையிலிருந்து நழுவியது. போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, பல் டாக்டரோடு வரிசையில் போய் நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

தண்ணிக்காரர் எதிர்ச்சாரி நிழலுக்குப் போய்ச் சின்னவனுக்குப் போன் போட்டார். ஒரே ஒரு மணிதான் அடித்தது.

"அத்தான்! அக்காவுக்கு என்ன ஆச்சு?" சின்னவன் எடுத்த எடுப்பிலேயே கத்தினான். "உங்க மிஸ்டு காலைப் பார்த்து ரெண்டு நாளா உசுரே இல்ல. திருப்பிப் போட்டா கிடைக்கல. அதான் இன்னைக்குப் போனை இடுப்புல கட்டிக்கிட்டுச் சுத்தறேன்."

"அக்கா நல்லா இருக்கா. நீ முதல்ல சொல்லு, பேக்கரிச் சந்து வால்வைத் தொட்டியா?"

"தொடாம? தினமும் திறந்து மூடறேனே."

"எந்தப் பக்கம் திருப்பினே?"

"வலப்பக்கம் திறக்கணும், இடப்பக்கம் மூடணும். அது ஒண்ணுதானே தலைகீழ்?"

தண்ணிக்காரர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். உயிர் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சந்தேகமும் வந்தது.

"உனக்கு யாருடா சொன்னது?"

"அக்காதான். நீங்க கிளம்பின அன்னைக்குக் காலைல, பெட்டி கட்டறதை அப்படியே போட்டுட்டு என்னை இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டினா. தன் கையாலயே திருப்பிக் காட்டினா. 'இது அடம் பிடிக்கும், பலத்தைக் காட்டாதே. கொஞ்சம் பின்னால விட்டுட்டு அப்புறம் திருப்பு. உங்க அத்தானுக்குத் தோள் பிடிச்சுக்கிட்ட வருஷம் மழைக்காலம் பூரா நான்தான் இதைத் திருப்பினேன்'னா." சின்னவன் கொஞ்சம் தயங்கினான். "அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா என்ன? நீங்கதான் கூட நின்னு டார்ச் அடிச்சீங்களாமே."

போனை எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

அந்த வருஷம், அவருடைய மழைக்கோட்டில் அவள். கை நீளமாகத் தொங்க, முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டிருப்பாள். ஆபீஸ் ஆள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையை மூடிக்கொண்டு, விடியாத இருட்டில் அவருக்கு முன்னால் இரும்புச் சாவியைச் சுமந்து நடப்பாள். தெருத் தெருவாக, மழைக்காலம் முழுவதும். உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, சாப்பாடு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். "சமாளிச்சுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, தான் சமாளித்ததாகவே அவர் நம்பிவிட்டார். வெண்ணெயைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு நெய்க்கு மூன்று ஊர் அலைந்திருக்கிறார்.

எழுந்து கதவுக்கு ஓடினார். காவலாளி கையை விரித்தான். கடைசிக் கும்பல் உள்ளே போயாயிற்று, இனி நாளைக்குத்தான். கதவருகே ஒரு பலகையில் உள்ளே இருப்பதன் படம் இருந்தது. அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். தரைக்கு அடியில், காடு மாதிரி கல்தூண்கள். தூண்களின் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஒரு ஊருக்கே தண்ணீர் கொடுத்த தொட்டி.

கும்பல் வெளியே வந்தது. அவள் தோளில் மேலிருந்து சொட்டிய நீர்த்துளிகள் காயாமல் இருந்தன.

"வயிறு எப்படி இருக்கு?"

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல." போனை அவளிடம் நீட்டினார். "சின்னவன் பேசினான். பேக்கரிச் சந்து வால்வை அவனுக்குச் சொல்லாம வந்துட்டேன்னு நினைச்சு... அதுக்குத்தான் இத்தனை போனும்."

அவள் நின்றுவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உனக்குத் தெரியும்னு எனக்கு..."

"தெரியும்னு தெரியாதா?" கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "அன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்றப்போ உங்க முகத்தைப் பார்த்தேன். பெருமைக்குப் பொய் சொல்றீங்கன்னா உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பேன். நீங்க நிஜமாவே மறந்துட்டீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மக மூணு கப்பல் படம் அனுப்பினா. இந்தத் தொட்டி இருக்கற ஊருக்கு வர்றது இது ஒண்ணுதான். உள்ள போனா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பார்க்கணும்னுதான் இதைப் பிடிச்சேன்."

"உள்ள எப்படி இருந்துச்சு? சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள். வண்டியில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தண்ணிக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"டாக்டர், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. தோள் இறுகின வருஷம் நான் சமாளிக்கல. இவதான் எல்லா வால்வையும் திருப்பினா. நான் டார்ச் அடிச்சேன், அவ்வளவுதான்."

பல் டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? அதான் கீழே அந்தக் கல் மதகுகிட்ட அவ்வளவு நேரம் நின்னீங்களா?"

அவள் கிண்ணத்தில் இருந்த சூப்பைக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரைப் பார்த்துக்கொண்டே, உள்ளே போய் வந்தவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லாத விஷயத்தை, முதலிலிருந்து நிதானமாக ஆரம்பித்தாள்.

"படி இறங்கினதுமே ஒரு குளிர்ச்சி டாக்டர். பேசினா குரல் போய்த் தூண்ல முட்டிட்டுத் திரும்பி வருது..."

டாக்டர் விவரம் தெரிந்தவர். தான் பார்க்காதது மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணிக்காரர் நாற்காலியைச் சத்தம் இல்லாமல் அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டார். நடுவில் ஒரு இடத்தில், தண்ணீர் எந்த மூலையிலிருந்து தொட்டிக்கு வந்திருக்கும் என்பதை அவள் தப்பாகச் சொல்வதாக அவருக்குத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டார். பார்த்தவள் அவள்.